ஸ்கின் கலர் என்று ஒரு கலர்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஆயில் பெயிண்ட் பெட்டி வாங்கி வந்தேன். பன்னிரண்டு டியூப். ஐயப்பன்தாங்கல் வீட்டு பால்கனியில் பேப்பரை விரித்து உட்கார்ந்ததுமே, "தாத்தா, இதுல ஸ்கின் கலர் இல்லையே?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டியூப். ஜான் காஃப் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் தகர டியூப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். டியூப் வந்த பிறகுதான் எண்ணெய் வண்ணம் கெடாமல் நெடுந்தூரம் கப்பலேறிப் போக முடிந்தது.

ஆனால் வண்ணம் வந்த வேகத்தில் வித்தை வரவில்லை. 1862இல் பதினான்கு வயது ரவி வர்மா கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே எண்ணெய் ஓவியம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை கற்ற ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். அதை வைத்துக்கொண்டே 1873இல் நம் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கினார். கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு. அவருடைய அசல் ஓவியங்கள் சில எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. போனால் முகத்தைப் பார்க்கும் முன் கழுத்தையும் கையையும் பாருங்கள். ஒரே உடம்பில் எத்தனை பழுப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினாரே, அதன் வழியாக வீட்டுக்கு வீடு போன லட்சுமியும் சரஸ்வதியும் வெளுப்பாகவே போனார்கள். நம் பூஜையறைக் காலண்டர்கள் இன்றும் அந்த வழிதான்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். 1980களில் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பு டிராயிங் பீரியடில், "அம்மா" என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பெண் தன் அம்மாவின் முகத்துக்கு அடர்பழுப்பு பேஸ்டலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இளஞ்சிவப்பு குச்சியை எடுத்துக் கொடுத்து, "முகத்துக்கு ஸ்கின் கலர் போடும்மா" என்றேன். அவள் என்னையும் அந்தக் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போட்டாள். நான் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன். அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி அந்த மாதிரிக் குச்சிக்கு "ஃபிளெஷ்", அதாவது சதை, என்றிருந்த பெயரை 1962லேயே "பீச்" என்று மாற்றிவிட்டது. எனக்கு அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

அம்மா, நீ எங்கிருந்தாலும் சரி, அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று பேத்திக்குச் சொன்னதோடு உனக்கும் எழுதிவிடுகிறேன்.

நான்கு டியூப் போதும். எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை. முதல் இரண்டும் இரும்புச்சத்துள்ள மண். கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்குச் சொந்தக்காரர்கள். மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதிலுள்ள நீர் போய்ச் சிவக்கும், சூளையில் செங்கல் சிவப்பதுபோல. பர்ன்ட் சியன்னா அப்படிச் சுட்டதுதான்.

சியன்னாவில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர். பழுப்பு ஆழமாகிக்கொண்டே போய்க் கிட்டத்தட்டக் கறுப்பாகும். கறுப்பு டியூப்பே வேண்டாம். நடுவில் எங்கேயோ உன் அம்மாவின் கன்னம் இருக்கிறது, அங்கே நிறுத்து. வெளிச்சம் படும் இடத்துக்கு வெறும் வெள்ளையைக் கலக்காதே, தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இன்று கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை ரவி வர்மா காலத்தில் கிடையாது. அதற்கு மூடும் சக்தி மிக அதிகம், கடுகளவு போதும். ஓக்கரை முன்னால் விட்டு, வெள்ளையைப் பின்னால் விடு. நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை மினுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளையோடு ஒரு நூல் நீலம். கறுத்த தோலின் பளபளப்பில் வானம் தெரியும்.

பேத்தி நேற்று மூன்று மணி நேரம் தட்டில் கலந்துவிட்டு, என் முழங்கையைப் பக்கத்தில் இழுத்து வைத்து ஒப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் சியன்னா, தாத்தா" என்றாள்.