இசைத்தட்டைத் தொட்ட விரல்கள்: டிஜே கலை பிறந்த கதை

ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டின் மீது விரல் படக்கூடாது என்பது கிராமபோன் காலந்தொட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்த கண்டிப்பான விதியாகும். தட்டிலே கீறல் விழுந்தால் பாட்டுப் போய்விடும், ஊசியும் பழுதாகிவிடும். அந்த விதியை மீறிய சில இளைஞர்களின் கைகளிலேதான் இன்று திருமண மண்டபம் முதல் விளையாட்டரங்கு வரை எங்கும் காணப்படும் டிஜே கலை தனது இன்றைய வடிவத்தைப் பெற்றது. அவர்கள் எவரும் முறையாக இசை கற்ற வாத்தியக்காரர்கள் அல்லர். அனைவருமே ஆரம்பகாரர்கள். கற்றுக்கொடுக்க ஆசிரியரும் இல்லை, பார்த்துப் படிக்க நூலும் இல்லை. அவர்கள் எவ்வாறு ஆரம்பித்தார்கள் என்பது, இன்று இத்துறையில் கால்வைக்க விரும்பும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

'டிஸ்க் ஜொக்கி' என்ற சொல் அமெரிக்க வானொலியிலே பிறந்தது. இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, இடையிடையே நேயர்களோடு பேசும் அறிவிப்பாளரையே அது குறித்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இத்தகைய அறிவிப்பாளர்கள் புதியவர்கள் அல்லர். வானொலி அறிவிப்பாளரின் பணி ஒரு பாடலை முழுமையாக வழங்குவதோடு முடிந்துவிடும். ஒரு பாடலை இன்னொரு பாடலோடு தாளம் தப்பாமல் இணைப்பது வேறொரு வித்தை. 1969, 1970 காலப்பகுதியில் நியூயோர்க் நகரின் 'சாங்ஷுவரி' என்ற நடன விடுதியில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இதில் தேர்ச்சி பெற்று விளங்கினார். ஆடுவோரின் கால்கள் ஓயாதபடி ஒரு பாடலின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் ஒன்றாகக் கலந்து வழங்கினார் அவர்.

அதே நகரின் இன்னொரு பகுதியான புரோங்ஸின் நிலைமை முற்றிலும் வேறானது. நெடுஞ்சாலை ஒன்று குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றதால் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வசதி படைத்தோர் வெளியேறினர். 1970களில் கட்டடங்கள் தீக்கிரையாவது அன்றாட நிகழ்வாயிற்று. எஞ்சியிருந்தோரில் பெரும்பாலானோர் கறுப்பின மக்களும், புவேர்ட்டோ ரிக்கோ மற்றும் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தோருமாவர். நடன விடுதிக்குச் செல்லப் பணமில்லாத பிள்ளைகளுக்கு அடுக்குமாடி வீட்டின் பொது அறையும் பூங்காவுமே அரங்குகளாயின. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பூங்காக்களிலே இசை நிகழ்ச்சி நடத்திய கதைகளை அக்காலத்தவர்கள் இன்றும் கூறுவர்.

1955இல் ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரில் பிறந்த கிளைவ் கெம்பல், 1967இல் புரோங்ஸுக்குக் குடிவந்தவர். ஜமெய்க்காவில் பெரும் ஒலிபெருக்கிகளை வீதியோரத்தில் நிறுத்தி, இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு ஆடும் வழக்கம் 1950களிலேயே வேரூன்றியிருந்தது. 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தின் பொது அறையில் அவரது தங்கை சிண்டி ஒரு கொண்டாட்டத்தை ஒழுங்கு செய்தார். பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அதன் நோக்கம். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். இசை வழங்கியவர் பதினெட்டு வயது அண்ணன். 'கூல் ஹேர்க்' என்ற பெயரால் பின்னர் உலகம் அவரை அறிந்தது.

ஹேர்க்கின் தனித்திறமை அவரது அவதானிப்பிலே இருந்தது. பாட்டும் ஏனைய வாத்தியங்களும் ஓய்ந்து, மத்தளமும் தாள வாத்தியங்களும் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதை அவர் கண்டார். 'பிரேக்' எனப்படும் அப்பகுதி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எனவே ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு சுழற்றிகளில் வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றதில் அதையே தொடங்கினார். இவ்வாறு சில விநாடித் தாளம் பல நிமிடங்களாக நீண்டது. தம்மிடமுள்ள தட்டுகள் எவையென்று போட்டியாளர்கள் அறியாதவாறு அவற்றின் லேபிள்களை நீரில் ஊறவைத்து அகற்றினார் என்பதும் சுவையான செய்தி.

ஹேர்க் ஊசியைக் கண்மதிப்பிலேயே வைத்தார். ஆகவே தாளம் சிலவேளை தடுக்கியது. இக்குறையைப் போக்க முனைந்தவர் ஜோசப் சட்லர் என்னும் 'கிராண்ட்மாஸ்ரர் ஃபிளாஷ்'. 1958இல் பார்படோஸில் பிறந்து புரோங்ஸில் வளர்ந்த இவர், தொழிற்கல்விப் பாடசாலையில் இலத்திரனியல் பயின்ற மாணவர். நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடியை எடுத்துக்கொள்ளும். பத்து விநாடித் தாளப்பகுதி ஐந்தரைச் சுற்றில் முடிந்துவிடும். ஃபிளாஷ் தட்டிலே மெழுகுக் கட்டியால் அடையாளமிட்டு, எத்தனை சுற்றுப் பின்னோக்கித் திருப்பினால் தொடக்கத்துக்கு வரலாமென எண்ணிக்கொண்டார். ஊசியைத் தூக்காமல் தட்டையே கையால் திருப்பினார். அடியிலுள்ள இறப்பர் விரிப்பு தட்டைப் பற்றிப் பிடித்ததால், கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணி வட்டத்தை அதற்குப் பதிலாக வைத்தார். அடுத்த பாடலை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்பதற்கான ஆளியையும் தாமே பொருத்திக்கொண்டார்.

இத்தனை உழைப்பின் பின் பூங்காவில் முதன்முறையாக இதைச் செய்துகாட்டியபோது நடந்ததென்ன? எவரும் ஆடவில்லை! கூட்டம் வாய்பிளந்து வேடிக்கை பார்த்து நின்றது. தாம் பெரிதும் மனமுடைந்து போனதாக ஃபிளாஷ் பல நேர்காணல்களிலே கூறியிருக்கிறார். வித்தை துல்லியமாக இருந்தது. ஆயினும் ஆட வந்தவர்கள் பார்வையாளர்களாகி விட்டார்கள். அதன் பின்னரே, ஒலிவாங்கி பிடித்துக் கூட்டத்தை உற்சாகமூட்டும் பேச்சாளர்களை அவர் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 'ராப்' என்னும் பாட்டுமுறை வளர்ந்த பாதைகளில் இதுவும் ஒன்று.

மூன்றாமவர் தியோடோர் லிவிங்ஸ்ரன் என்ற சிறுவன். 1975ஆம் ஆண்டளவில், பன்னிரண்டு வயதுப் பராயத்தில், அறைக்குள் பெருஞ்சத்தத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தாயார் வந்து கதவைத் தட்டி ஏசினார். அவர் பேசி முடிக்கும்வரை தியோடோர் தட்டைக் கையால் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். ஹெட்போனிலே புதியதொரு ஒலி கேட்டது. 'ஸ்கிராட்ச்' எனப்படும் உத்தி இவ்வாறே பிறந்ததாக அவர் பின்னாளில் விபரித்துள்ளார். தற்செயலாகக் கேட்ட ஒலியை மறுநாளே மேடையேற்றாமல், சில மாதங்கள் பயின்று பக்குவப்படுத்திய பின்னரே அவர் அதை வெளிப்படுத்தினார்.

இவர்களது கைகளுக்கு ஈடுகொடுத்த கருவியையும் மறக்கலாகாது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972இல் 'டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200' என்ற சுழற்றியை வெளியிட்டது. பழைய சுழற்றிகளில் இறப்பர்ப் பட்டி ஒன்று தட்டைச் சுழற்றியது. கை பட்டால் அது வழுக்கும். இதிலோ மோட்டாரே நேரடியாகச் சுழற்றியதால், தட்டைப் பிடித்து விட்டதும் மறுகணமே உரிய வேகத்தை எட்டியது. வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்காக வடிவமைக்கப்பட்ட இக்கருவியின் வேறொரு பயனைக் கண்டுபிடித்தவர்கள் டிஜேக்களே.

புகழும் பணமும் வந்தபோது அவை ஆரம்பித்தவர்களிடம் சென்று சேரவில்லை. 1979இல் வெளியாகி உலகெங்கும் பரவிய 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டின் தாளத்தை ஸ்டூடியோ இசைக்கலைஞர்களே வாசித்தனர். டிஜேயின் கைவண்ணத்தை முழுமையாகக் காட்டும் தட்டொன்றை ஃபிளாஷ் 1981இலேயே வெளியிட முடிந்தது. 1977இல் நிகழ்ச்சியொன்றில் கத்திக்குத்துக்கு இலக்கான ஹேர்க் மெல்ல ஒதுங்கிப்போனார். 'ரொக் அன்ட் ரோல்' புகழ்மண்டபம் அவரைக் கௌரவித்தது 2023ஆம் ஆண்டிலேதான். அந்தச் சிறிய கொண்டாட்டத்துக்கு அப்போது ஐம்பது வயது!

இன்று சுழற்றிகூடத் தேவையில்லை. கைத்தொலைபேசி மென்பொருள் ஒன்றிலே பொத்தானை அழுத்தினால் இரு பாடல்களின் தாளமும் தாமாகவே பொருந்திக்கொள்கின்றன. ஃபிளாஷ் மெழுகுக்கட்டியோடு மாதக்கணக்கில் செய்ததைக் கணினி கணப்பொழுதில் செய்கிறது. புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் எந்தக் கருவியை வாங்குவது என்றே முதலில் கேட்கின்றனர். வரலாறு கூறும் விடை வேறு. ஹேர்க் ஆடுவோரின் கால்களைக் கவனித்தார். ஃபிளாஷ் தட்டின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார். தியோடோர் கேட்டதைப் பழகிப் பழகித் தன்வசமாக்கினார். இவற்றில் எண்ணும் வேலையை மட்டுமே இயந்திரம் பொறுப்பேற்றிருக்கிறது. பழகுவது இன்னும் மனிதரின் பொறுப்பே. எதிரே நிற்கும் கூட்டம் எந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைக் கண்டறியும் பொத்தானும் இதுவரை எந்தக் கருவியிலும் பொருத்தப்படவில்லை.