அம்புலன்ஸில் இருந்து இறக்கப்பட்டவர்கள்

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் ஒருவர் மயங்கி விழுந்தால் பெரும்பாலும் வருவது பொலிஸ் வண்டிதான். கைதிகளை ஏற்றுகிற அதே வண்டி. நோயாளியைப் பின்னுக்குக் கிடத்திவிட்டு பொலிஸ்காரர் முன்னுக்கு இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவார்கள். வழியில் மூச்சு நின்றால் கவனிக்க ஆளில்லை. இது பிட்ஸ்பேர்க்கின் பிரச்சினை மட்டும் இல்லை. நாட்டின் அம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறையப் பாதியை மலர்ச்சாலைகளே நடத்தின என்று 1966இல் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிக்கை சொன்னது. வண்டியில் யார் ஏறவேண்டும், என்ன பயிற்சி வேண்டும் என்பதற்குப் பல ஊர்களில் விதியே இருக்கவில்லை.

கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ரிக்ற் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். பொலிஸைக் கண்டாலே பயப்படுகிற சனம், உயிர் போகிற நேரத்திலும் பொலிஸைத்தான் கூப்பிடவேண்டும்.

1967இல் அங்கே 'பிரீடம் ஹவுஸ்' அம்புலன்ஸ் சேவை உருவானது. செயற்கைச் சுவாச முறையை வளர்த்தெடுத்த வைத்தியர் பீற்றர் சஃபார் பயிற்சியைத் திட்டமிட்டார். சேர்க்கப்பட்டவர்கள் வேலையில்லாத கறுப்பின இளைஞர்கள். சிலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள், சிலர் வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்கள். ஏறத்தாழ 300 மணித்தியாலப் பயிற்சி. முதல் ஆண்டிலேயே 5,000க்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குப் போனார்கள்.

இப்ப மாநகரசபை என்ன செய்தது என்று பாருங்கள். ஒப்பந்தம் கொடுத்தது, ஆனால் நகரின் ஒரு பகுதிக்கு மட்டும். அதனால் வசதியான வெள்ளையர் பகுதிகளுக்குத் தொடர்ந்தும் பொலிஸ் வண்டியே போனது. ஏழைக் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கும் அந்தச் சேவை வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கியபோது, மேயர் பீற் ஃப்ளாகேர்ட்டியின் நிர்வாகம் பிரீடம் ஹவுஸை விரிவாக்கவில்லை. 1975இல் அதன் ஒப்பந்தத்தை முடித்துவிட்டு நகரத்தின் சொந்தச் சேவையைத் தொடங்கியது.

பழைய ஊழியர்களைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள், சேர்த்தார்கள். பிறகுதான் விதிகள் வந்தன. புதுப் பரீட்சைகள், பழைய குற்றப் பதிவு இருந்தால் வேலை இல்லை என்ற நிபந்தனை. ஒன்றாக வேலை செய்தவர்களைப் பிரித்து, அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே போட்டார்கள். கனபேர் வெளியேறினார்கள். இத்தனைக்கும், இவர்களோடு வேலை செய்த வைத்தியர் நான்சி கரோலைன் எழுதிய பாடத்திட்டம்தான் பிறகு நாடு முழுவதற்குமான பயிற்சிக்கு அடிப்படையானது. தாக்குப்பிடித்த சிலரில் ஒருவரான ஜோன் மூன், அதே நகரச் சேவையில் துணைத் தலைவர் வரை உயர்ந்தார்.

அம்புலன்ஸுக்கு விதி வேண்டும், அதில் சந்தேகமில்லை. பொலிஸ் வண்டிக் காலமே அதற்குச் சாட்சி. ஆனால் பிட்ஸ்பேர்க்கில் பயிற்சி இல்லாதவர்கள் ஓட்டிய காலம் முழுக்கத் தகுதியைப் பற்றிக் கேட்காத நகரம், நன்றாகப் பயிற்சி பெற்ற கறுப்பினத்தவர்களிடம்தான் அதைக் கேட்டது. ஒரு சேவையை அரசோ சபையோ பொறுப்பேற்றது என்று வரலாற்றில் வாசிக்கும்போது, அதுவரை அந்த வேலையைச் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் தேடிப் பார்க்கவேண்டும்.