அடுப்பில்லாத பட்சணம்

"மாமா, இதற்கு அவன் தேவையே இல்லை!" என்றாள் அந்தப் பெண்.

எவன் தேவையில்லை என்று எனக்கு விளங்கவில்லை. லண்டன் பட்டணத்தின் தென்கோடியில் மிட்சம் என்னும் பகுதியில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் வீட்டில் நான் விருந்தாளியாக இருந்தேன். டிசம்பர் மாதம். பிற்பகல் நாலு மணிக்கே வெளியில் விளக்கேற்றும் இருட்டு. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டாயிற்று. நண்பரின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, அண்டை வீடுகளுக்குக் கொடுப்பதற்காகப் பட்சணம் செய்யப் புறப்பட்டிருந்தாள்.

"ரொட்டி, கேக்கு சுடுகிற அடுப்பைச் சொல்கிறாள். எங்கள் ஊரில் போறணை என்போம்" என்று அவள் தாயார் எனக்குத் தெளிவுபடுத்தினார். சமையலறையை அவர்கள் குசினி என்கிறார்கள். குசினி, போறணை இரண்டுமே போர்ச்சுகீசியர் இலங்கையில் விட்டுப்போன சொற்கள். போர்ச்சுகீசியரை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்சணத்தின் கதையில் அவர்கள் இன்னொரு முறை வருவார்கள்.

பட்சணத்தின் பெயர் பெப்பர்மிண்ட் டிரஃபிள். சாக்லேட் பிஸ்கோத்துகளை ஒரு பையில் போட்டுப் பூரிக்கட்டையால் தூளாக்கினாள். அதில் டின் பாலை விட்டுப் பிசைந்தாள். ஒரு சின்னக் குப்பியிலிருந்து மூன்றே மூன்று சொட்டுப் பெப்பர்மிண்ட் எண்ணெய். நாலாவது சொட்டு விழுந்தால் பட்சணம் பல்பொடியாகிவிடும் என்று தாயார் எச்சரித்தார். பிறகு நெல்லிக்காய் அளவில் உருட்டிக் குளிர்ப்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை இளக்கி, உருண்டைகளை அதில் முக்கியெடுத்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புதினா மிட்டாயை நொறுக்கி மேலே தூவினாள். வேலை முடிந்தது. நம் வீடுகளில் மாவுருண்டை பிடிக்கிற வித்தைதான். நெய் காய்ச்சும் சிரமம்கூட இல்லை.

டிரஃபிள் என்பது உண்மையில் ஒரு காளானின் பெயர். பிரான்சு தேசத்தில் கருவாலி மரங்களின் வேரடியில், மண்ணுக்குள் கறுத்த கட்டிகளாக விளைகிறது. பன்றிகளையும் நாய்களையும் விட்டு மோப்பம் பிடிக்கச் செய்து தோண்டி எடுப்பார்கள். கோக்கோப் பொடியில் புரட்டிய சாக்லேட் உருண்டை, மண் ஒட்டிய அந்தக் காளானைப்போல் இருப்பதால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உருவந்தான் காரணம். ருசிக்கும் காளானுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. சவாய் மலைப்பகுதியில் உள்ள ஷாம்பெரி நகரத்தார், 1895-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் லூயி தூஃபூர் என்ற மிட்டாய்க்காரர் தங்கள் ஊரில்தான் இதை முதலில் செய்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பெருமையை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

என்னை அன்று ஆச்சரியத்தில் ஆழ்த்தியது அந்தச் சின்னக் குப்பிதான். நான் உட்கார்ந்திருந்த இடத்திற்கும் அதற்கும் இருந்த உறவு அந்த வீட்டாருக்கே தெரியாது. பெப்பர்மிண்ட் தனிச் செடியல்ல. நீர்ப் புதினாவும் ஈட்டிப் புதினாவும் கலந்து தானாக உண்டான கலப்பு. 1696-இல் ஜான் ரே என்ற இங்கிலாந்துத் தாவர சாஸ்திரி அதைத் தம் நூலில் பதிந்து வைத்தார். மிளகுபோல் நாக்கைச் சுடுகிறதே என்றுதான் மிளகுப் புதினா என்ற பொருளில் அப்படிப் பெயர் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதை வயல் வயலாகப் பயிரிட்ட ஊர் எது தெரியுமா? இதே மிட்சம்தான். பாட்டர் அண்டு மூர் என்ற கம்பெனி 1749-இல் இங்கே தொடங்கிற்று. லாவண்டரும் பெப்பர்மிண்டும் பயிராக்கி எண்ணெய் வடித்தது.

ஆகஸ்டு மாதத்தில் செடிகளை அறுத்து வயலிலேயே வாடவிடுவார்கள். பிறகு பெரிய செம்புக் கொப்பரைகளில் திணித்து, ஆள் இறங்கி மிதித்து அமுக்கி, தண்ணீர் விட்டு மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி சுருட்டைக் குழாய் வழியே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். கடைசியில் தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். வண்டி வண்டியாகச் செடி போனால் வருவது சில சேர் எண்ணெய். "அடுப்பே வேண்டாம்" என்று அந்தக் குழந்தை சொன்ன பட்சணத்திற்காக, அவள் வீடு நின்ற மண்ணிலேயே ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய அடுப்புகள் எரிந்திருக்கின்றன!

கலப்புப் பயிராகையால் பெப்பர்மிண்டுக்கு முளைக்கும் விதை கிடையாது. வேர்த்தண்டைப் பிடுங்கி நட்டுத்தான் பெருக்க வேண்டும். அப்படி அமெரிக்காவுக்குப் போன மிட்சம் வேர்கள் நியூயார்க் மாகாணத்திலும் மிச்சிகனிலும் ஏக்கர் ஏக்கராகப் பரவின. ஒரே செடியின் வேர் எங்கும் போனால், அதற்கு வரும் நோயும் எங்கும் போகும் அல்லவா? 1920-களில் மிச்சிகன் வயல்களில் வாடல் நோய் பிடித்தது. சாகுபடி மேற்குக் கரைக்கு, ஆரிகன், வாஷிங்டன் மாகாணங்களுக்கு நகர்ந்தது. இங்கே லண்டன் வீங்கி வீங்கி வந்து புதினா வயல்களை விழுங்கிவிட்டது. இன்றைக்கும் உயர்ந்த ரகத்திற்குக் கறுப்பு மிட்சம் என்றுதான் பெயர். ஊரின் பெயரைத் தமிழ்க் காதுக்கு மிச்சம் என்றும் கேட்கலாம். பெயர் ஒன்றுதான் மிச்சம்.

சர்க்கரைக்கு வருவோம். அதை விரித்தால் மகாபாரதம். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பாலைகளில் அடிமைகள் இரவு பகலாகக் கொப்பரை காய்ச்சினார்கள். 1791-இல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் மசோதாவைப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. உடனே இங்கிலாந்து முழுவதும் ஆயிரக்கணக்கான குடும்பத்தார் அந்தச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் தேநீர் மேஜையில் நடத்திய அரசியல் அது. அடிமைத்தனம் 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. எஜமானர்களுக்கு இரண்டு கோடிப் பவுன் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. கரும்பு மட்டும் வெட்டாமல் நிற்குமா? ஒப்பந்தக் கூலிகளைத் தேடி நம்மிடம் வந்தார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்கும் கப்பல்கள் போயின. அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துத்தான் பாரதியார் பாடினார்.

சாக்லேட்டின் கதை வேறு மாதிரி. அதில் கெட்டவர்களைவிட நல்லவர்களால்தான் எனக்குச் சங்கடம்.

இங்கிலாந்தில் கோக்கோ வியாபாரத்தில் பெயர் பெற்ற பிரை, கேட்பரி, ரவுண்ட்ரீ ஆகிய மூன்று குடும்பங்களும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவை. மது கூடாது, யுத்தம் கூடாது, அடிமைத்தனம் கூடாது என்பவர்கள். எல்லா நாளும் கடவுளின் நாளே என்று கிறிஸ்துமஸைக்கூட அந்தக் காலத்தில் அவர்கள் தனியாகக் கொண்டாடுவதில்லை. ஊரெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் சாக்லேட்டை அவர்கள் செய்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. கேட்பரி குடும்பத்தார் பர்மிங்ஹாமுக்கு வெளியே போர்ன்வில் என்று ஒரு கிராமத்தையே நிறுவினார்கள். தோட்டத்தோடு வீடுகள், விளையாட்டு மைதானம், சனிக்கிழமை அரைநாள் விடுமுறை. தொழிலாளியை மனிதனாக நடத்திய முதலாளிகள் என்று உலகம் மெச்சியது. அது பொய்யும் அல்ல.

ஆனால் 1900-ஐ ஒட்டி அவர்கள் வாங்கிய கோக்கோ விதையில் கிட்டத்தட்டப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே உள்ள சாந்தோமே என்ற தீவிலிருந்து வந்தது. தீவு போர்ச்சுகீசியருடையது. நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கோலாவிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தம் என்ற பெயரில் ஆட்களைக் கொண்டுவருவார்கள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பியவன் என்று ஒருவனையும் அங்கோலா பார்த்ததில்லை. 1901-இல் அங்கே ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது, சொத்துப் பட்டியலில் மாடு கன்றுகளோடு கூலியாட்களுக்கும் விலை போட்டிருந்தது. அந்தப் பட்டியல் வில்லியம் கேட்பரியின் கைக்கே வந்தது.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. லிஸ்பனுக்குப் போய் விசாரித்தார். ஜோசப் பர்ட் என்பவரைப் போர்ச்சுகீசிய மொழி படிக்கச் சொல்லி 1905-இல் தீவுக்கு அனுப்பினார். அதற்குள் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தாமாகவே அங்கோலாவின் உட்புறத்தில் நடந்து போய், பாதையோரங்களில் இறைந்து கிடந்த மரத் தளைகளைக் கண்ணால் கண்டு வந்து, 1906-இல் புத்தகமே போட்டுவிட்டார். பர்ட் 1907-இல் திரும்பி வந்து சொன்னதும் அதேதான். ஆனாலும் கொள்முதல் நிற்கவில்லை. வாங்கிக்கொண்டே இருந்தால்தான் போர்ச்சுகீசியரிடம் நம் பேச்சு எடுபடும் என்பது கம்பெனியின் கட்சி. 1908-இல் வில்லியம் கேட்பரி நேரிலேயே போய்வந்தார். மூன்று கம்பெனிகளும் சாந்தோமே கோக்கோ வேண்டாம் என்று சொன்னது 1909 மார்ச்சில். பட்டியலைப் பார்த்து எட்டு வருஷமாகியிருந்தது.

இதற்கிடையில் லண்டன் 'ஸ்டாண்டர்டு' பத்திரிகை குத்தலாக ஒரு தலையங்கம் எழுதியது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துச் சீனக் கூலிகளுக்காகத் தங்கள் பத்திரிகையில் கண்ணீர் வடிக்கும் இந்தப் புண்ணியவான்களுக்கு, சாந்தோமேயில் மட்டும் கண் தெரியவில்லையா என்பது அதன் சாரம். கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 1909 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில், பர்மிங்ஹாம் நியாயஸ்தலத்தில் தீர்ப்பு வந்தது. கேட்பரிக்காக வாதாடியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். பின்னாளில் ரீடிங் பிரபுவாகி 1921 முதல் 1926 வரை இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர். எதிர்த்தரப்பில் எட்வர்டு கார்சன். ஆஸ்கார் ஒயில்டைக் குறுக்கு விசாரணையில் மடக்கிய அதே மனிதர். உங்கள் கோக்கோவுக்காக அந்த எட்டு வருஷத்தில் எத்தனை அடிமைகள் செத்தார்கள் என்று கணக்குப் பார்த்தீர்களா என்று அவர் கூண்டில் நின்றவரைக் கேட்டார். இல்லை என்பதுதான் பதில்.

ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் கலந்து பேசி முடித்துவிட்டார்கள். பத்திரிகை எழுதியது அவதூறுதான், கேட்பரி பக்கம் தீர்ப்பு. நஷ்ட ஈடு ஒரு பார்த்திங்.

பென்னியில் கால் பங்கு! எத்தனையோ நாவல்களில் நியாயஸ்தலக் காட்சி எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு தீர்ப்பை எழுத எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு கம்பெனிகள் கோல்டு கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்குத் திரும்பின. அங்கே ஆப்பிரிக்கக் குடியானவர்களே சொந்த நிலத்தில் கோக்கோ பயிரிட்டார்கள். இன்று உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. தளைகள் இல்லை. ஆனால் அந்த இரு தேசங்களின் கோக்கோத் தோட்டங்களிலும் செய்யக்கூடாத வேலைகளைச் செய்யும் குழந்தைகள் 15 லட்சத்துக்கு மேல் என்று சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 2020-இல் கணக்கிட்டது. நண்பரின் மகளின் வயதுக் குழந்தைகள்.

இவ்வளவையும் நான் அவளிடம் சொல்லவில்லை. பார்த்திங் வழக்கை மட்டும், பெயர்களை விட்டுவிட்டுக் கதையாகச் சொன்னேன். அவள் உருண்டைகளைச் சின்னப் பெட்டிகளில் ஆறு ஆறாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கோணலாகப் போன ஒன்றை என்னிடம் கொடுத்து, "சாப்பிட்டுப் பாருங்கோ, மாமா" என்றாள். வாயில் போட்டதும் பனிக்காற்று புகுந்தாற்போல் இருந்தது. உண்மையில் வாய் கொஞ்சமும் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு வாசலைப் புதினாச் சத்து தட்டித் திறந்துவிட்டு, குளிர் வந்திருப்பதாக மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. அந்த வாசல் இன்னதென்று கண்டுபிடித்தது 2002-இல். கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

"ஒரு பார்த்திங் என்றால் எவ்வளவு, மாமா?"

"960 பார்த்திங் சேர்ந்தால் ஒரு பவுன்."

அவள் சாக்லேட் கட்டியின் காகித உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீவிப் பார்த்தாள். விலை இரண்டு பவுன் என்று ஒட்டியிருந்தது.

"1,920" என்றாள். பெட்டிக்கு ரிப்பன் கட்டக் கத்தரிக்கோலைத் தேடிப் போனாள்.