அனார்கலியின் கல்லறை

கே. ஆசிப் பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டுக் கண்ணாடி மண்டபமெல்லாம் சமைத்து 1960-இல் வெளியிட்ட ‘மொகலே ஆசம்’ என்னும் படம் வடநாட்டில் பெருங்கீர்த்தி பெற்றிருக்க, அதன் தமிழ் வடிவமான ‘அக்பர்’ மறு ஆண்டில் இங்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. நம் ஜனங்களைக் குறை சொல்வதற்கில்லை. மொகலாயச் சக்கரவர்த்தி அக்பரின் மைந்தன் சலீமுக்கும் அரண்மனை நர்த்தகி அனார்கலிக்கும் இடையே அப்படம் காட்டும், சரித்திர வேஷம் பூண்ட காதலுக்குச் சரித்திர ஆதாரம் சொற்பமே. அக்பரின் அவையினரான அபுல் பசல் வரைந்த வரலாற்றிலோ, சலீம் பிற்காலத்தில் ஜஹாங்கீராகி எழுதிய சுயசரிதையிலோ அனார்கலியைக் காணோம். 1611-இல் லாகூர் வந்த ஆங்கில வியாபாரி வில்லியம் பிஞ்ச் என்பவன்தான், அக்பர் தம் மனைவியருள் ஒருத்தியை, இளவரசனோடு தொடர்புடையவளென்ற சந்தேகத்தால், சுவருக்குள் உயிரோடு அடைத்ததாகக் கேட்டு எழுதி வைத்தான். (படத்திலோ அக்பர் அவளைச் சுரங்க வழியே தப்பவிடுகிறார், என்ன தாராளம்!) அனார்கலியின் கதையை 1922-இல் உருது நாடகமாக்கியவர் இம்தியாஸ் அலி தாஜ். ஆயினும் லாகூரில் எண்கோண வடிவான கல்லறையொன்று அவள் பெயரால் நிற்கிறது. அதனுள்ளிருக்கும் வெண்சலவைக்கல் பேழையில், பாரசீக ஈரடியொன்றின் கீழ், காதற்பித்தனான சலீம், அக்பரின் மைந்தன் என்னும் கையொப்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் அக்கட்டிடத்தை முதலில் தேவாலயமாக்கி, நடுவிலிருந்த பேழையை ஓரத்துக்கு ஒதுக்கி, பின்னர் சர்க்கார் தஸ்தாவேஜுகளை அடுக்கும் கிடங்காக்கினர்.