ஏட்டிலிருந்து அச்சுக்கு: எம்மவர் தேர்ந்த வழிகள்



கடந்த மாதம் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் தமிழறிஞன் அல்லன். வணிகவியல் படித்து, மெல்பேர்ணில் கணக்காளராக வேலை செய்து, ஓய்வு நேரத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவன். ஆகவே இது ஒரு கணக்கன் பார்த்த பதிப்பு வரலாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உரைக்குக் காரணம் ஒரு ரீச்சர். எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு நாள் கடைப் பை ஒன்றுடன் எங்கள் கலையகத்துக்கு வந்தார். பைக்குள் ஐந்து சீ.ஆர். கொப்பிகள். தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்த காலத்தையும், 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த கதையையும் எழுதி முடித்திருந்தார்.

"தம்பி, எழுதி முடிச்சுப்போட்டன். இனி இதை எங்கை குடுத்துப் புத்தகமாக்கிறது? ஒருத்தர் இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லுறார். ஒருத்தர் ஆரும் பெரிய ஆளிட்டை அணிந்துரை வாங்கச் சொல்லுறார். மகன் கொம்பியூட்டரிலை போடலாம் எண்டுறான். நீர் கணக்குத் தெரிஞ்ச ஆள், நீரே சொல்லும்."

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு என் ஐயாவின் கொப்பி ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுதி முடித்த ஒன்றை எந்த வழியால் அச்சுக்குக் கொண்டு போவது என்பது ரீச்சருக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. நூற்றெழுபது வருடங்களுக்கு மேலாக எம்மவர் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் நான்கைப் பார்ப்போம்.

முதலாவது, சொந்த அச்சுக்கூடம். நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். அச்சு எவ்வளவு வலிமையான சாதனம் என்பதை அவர் மிஷனரிமாரின் பக்கத்தில் இருந்தே கண்டார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1849 இல், அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்றார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு "நாவலர்" என்ற பட்டத்தை வழங்கியது. சென்னையில் சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டுக்கொண்டு, அச்சியந்திரத்துடன் ஊர் திரும்பி வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார்.

இதை நாம் வீரச் செயலாகவே பேசுவோம். கணக்கன் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அச்சியந்திரம் என்பது சும்மா இருந்தாலும் செலவு வைக்கும் சொத்து. அதற்குத் தொடர்ந்து வேலை கொடுக்க வேண்டும். நாவலரிடம் பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே படிக்கப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குப் பாலபாடங்கள் தேவைப்பட்டன. வாசகரை முதலில் உருவாக்கிவிட்டு அடுத்த வருடம் அவர் இயந்திரத்துக்குப் போனார். ஆகவே இது பல நூல்களும் நிலையான வாசகர்களும் உள்ளவருக்கான வழி. ஒரே ஒரு நூலைக் கையில் வைத்திருப்பவருக்கு உரியதல்ல.

இரண்டாவது, கைப்பணம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. தேர்வில் தேறிய இருவரில் ஒருவர் அவர். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே, விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையில் பணியாற்றியவர், அதாவது எங்கள் தொழில்காரர்! பகலில் அரசாங்கத்தின் கணக்கைப் பார்த்தவர், மிகுதி நேரத்தில் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனார் அகப்பொருள், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார்.

பெரும்பாலும் தம் கைப்பணத்தையும் நண்பர்களின் உதவியையும் கொண்டே அவர் இதைச் செய்தார். கணக்குத் தெரிந்த ஒருவர் இந்த நூல்களால் இலாபம் வரும் என்று நம்பியிருக்க மாட்டார். தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் ஏடுகள் இருந்ததை அவரே தம் பதிப்புரையில் எழுதி வருந்தியிருக்கிறார். அச்சிடும் செலவு ஒரு பக்கத்தில், அச்சிடாமல் விட்டால் நூலே இல்லாமல் போகும் இழப்பு மறு பக்கத்தில். இரண்டையும் நிறுத்துப் பார்த்துத் தம் பணத்தைப் போட்டார். அதற்காகக் கைப்பணம் போடுகிற எல்லோரும் தாமோதரம்பிள்ளை ஆகிவிட முடியாது. திரும்பி வராது என்று தெரிந்தே போடக்கூடிய பணமாக அது இருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் புத்தகம் போட்டு, விற்று எடுக்கலாம் என்று நம்பிக் கடனாளியானவர்களை நான் என் தொழிலில் சந்தித்திருக்கிறேன்.

மூன்றாவது, கையொப்பம். இன்று நாம் முன்பதிவு என்று சொல்வது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அனுபவம் மிக்க பதிப்பாசிரியரான தாமோதரம்பிள்ளை அவரிடம் வந்து, அந்தப் பிரதியைத் தம்மிடம் தந்தால் தாமே பதிப்பிப்பதாகக் கேட்டார். இந்தச் சம்பவத்தை ஐயர் தம் சுயசரிதையில் விவரமாக எழுதியிருக்கிறார். ஐயருக்கு அப்போது பதிப்பு அனுபவமும் அதிகம் இல்லை, பண வசதியும் இல்லை. ஆனாலும் கொடுக்க மறுத்துவிட்டார். அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி, பணம் சேர்த்து, விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சுப்பிழை பார்த்து, 1887 இல் தாமே நூலை வெளியிட்டார். அதே 1887 இல்தான் கலித்தொகையும் வந்தது. கேட்டவரும் மறுத்தவரும் ஒரே ஆண்டில் ஆளுக்கொரு செல்வத்தைத் தமிழுக்குத் தந்தார்கள்.

கையொப்ப முறையில் அச்சிட முன்னரே வாசகர் யார் என்று தெரிந்துவிடுகிறது. எத்தனை பிரதி என்பதை ஆசையால் அல்ல, பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஆனால் முன்பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நாம் கடன்காரர். புத்தகம் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பணம் வரவு அல்ல, பொறுப்பு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது, நிறுவனம். இதற்கு இரண்டு உதாரணங்கள். நல்லூரில் இருந்த ஜோசப் நைட் பாதிரியார் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றுக்காகச் சொற்களைத் திரட்டினார். வேலை முடியுமுன் அவர் காலமானார். அவர் திரட்டியவை அவரோடு போகவில்லை. வேறு பலர் கைமாறி, வின்சுலோ அதை நிறைவு செய்து 1862 இல் சென்னையில் அச்சாகியது. 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட பெருநூல் அது. ஒரு மனிதன் போனாலும் அவனுடைய கையெழுத்தைக் காப்பாற்றி வைக்க ஒரு அமைப்பு இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

மற்றது எங்கள் காரைதீவு சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல். ஏறத்தாழ 14 ஆண்டுகால ஆராய்ச்சி. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. சிதம்பரஞ் செட்டியார் பொருளுதவி செய்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. உடல்நலம் குன்றியிருந்த சுவாமிகள் அதற்கு நேரில் போயிருந்தார். அடுத்த மாதம் 19 ஆம் திகதி காலமானார். ஏழு வாரங்கள் பிந்தியிருந்தால் தம் நூலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்.

இனி என் ஐயாவின் கொப்பி.

ஐயா வலிகாமத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். எங்கள் ஊரின் குளங்கள், கிணறுகள், காணிப் பெயர்கள், அந்தப் பெயர்கள் வந்த காரணங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடித்த கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். 1993 இல் எழுதி முடித்தார். நான் இங்கிருந்து அச்சுக் கூலி அனுப்புவதாகக் கடிதம் எழுதினேன். அவர் பதில் போட்டார்: "அவசரப்படாதே தம்பி. கொழும்பிலே ஒரு பெரியவர் அணிந்துரை தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். அது வரட்டும்." அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, கடதாசிக்கும் பெரும் தட்டுப்பாடு. போட்டோக் கொப்பி எடுப்பதே பெரிய காரியம். அணிந்துரை வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, ஐயா அம்மாவையும் ஒரு உடுப்புப் பையையும் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனார். கொப்பிகள் றங்குப் பெட்டிக்குள் இருந்தன. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

நான் கோபித்துக்கொள்வது அந்தப் பெரியவரை அல்ல. அச்சுக்கு முன்னர் ஒரு இரண்டாம் பிரதி வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. பணம் அனுப்புகிறேன் என்று எழுதிய நான், "கார்பன் தாள் வைத்து எழுதுங்கோ ஐயா, ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கோ" என்று எழுதவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போன பிறகும் ஒற்றைப் பிரதியின் ஆபத்து எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே ரீச்சருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை, "எங்கே அச்சிடுவது என்பதைப் பிறகு பார்ப்போம். இண்டைக்கே பிரதி எடுப்போம்." கலையகத்து இயந்திரத்தில் ஐந்து கொப்பிகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தோம். ஒரு பிரதி மகனிடம், ஒன்று கனடாவில் உள்ள மகளிடம், ஒன்று என்னிடம்.

அதன் பிறகு மேசையில் இருந்து நான்கு கேள்விகளை எழுதினோம். முதற் பணம் யாருடையது? உரிமை யாரிடம் இருக்கும்? விற்காத பிரதிகள் எங்கே கிடக்கும்? கடைசிப் பிரதி எங்கே போய்ச் சேரும்?

மூன்றாவது கேள்வி எனக்குச் சொந்த அனுபவம். நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தின் மலரை, பிரதி ஒன்றின் விலை குறைகிறது என்பதற்காக 1,000 அடித்தோம். விழாவில் 300 போனது. மிகுதி என் வாகனக் கொட்டகையில் பல வருடம் கிடந்து கறையானுக்கும் ஈரத்துக்கும் போனது. மலிவாக அடித்தோம் என்று கணக்கறிக்கையில் எழுதியவன் நான்தான்.

ரீச்சர் கடைசியில் தேர்ந்தது கையொப்ப முறையையே. பழைய மாணவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களே அவருடைய வாசகர்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறை இன்று இருப்பதால், முன்பதிவான 140 பிரதிகளை மட்டும் அடித்தோம். மேலும் தேவைப்பட்டால் மறுபடி அடிக்கலாம். இந்தியப் பதிப்பகத்துக்குக் கொடுப்பது தவறல்ல, தமிழகத்து வாசகரை அடைய அதுவே நல்ல வழி. ஆனால் ஒப்பந்தத்தில் உரிமையும் பிரதிகளின் எண்ணிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நூலின் பாடத்தைப் பாமினி எழுத்துருவில் மட்டும் வைத்திருக்காமல் யுனிகோடிலும் மாற்றி வைத்தோம். அச்சகத்தை மாற்ற வேண்டி வந்தாலும் திரும்பத் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

நான்காவது கேள்விக்கும் பதில் உண்டு. அவுஸ்திரேலியாவில் வெளியிடப்படும் நூல் எந்த மொழியில் இருந்தாலும், வெளியாகி ஒரு மாதத்துக்குள் கன்பராவில் உள்ள தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பலர் இதைச் சுமையாக நினைக்கிறார்கள். எமக்கு இது ஒரு வரம். எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தின் கதையை ஒரு அரசாங்கம் தன் சொந்தச் செலவில் பாதுகாக்கிறது. அத்துடன் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். பணம் கொடுத்து வாங்க வசதியில்லாத ஊர்ப் பிள்ளையும் அங்கே படிப்பான்.

அணிந்துரை? ரீச்சரே ஒரு பக்கம் முன்னுரை எழுதினார். புத்தகம் கைக்கு வந்த அன்று அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்கட ஐயாவின்ரை காணிப் பெயர்கள் உமக்கு எத்தினை ஞாபகம்?"

அன்றிரவு இருந்து எழுதினேன். பதினேழு வந்தது. ஊரில் மிச்சமிருக்கும் என் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் இன்னும் பதினொன்று சொன்னார். எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கொப்பி இருக்கக்கூடும். எந்த வழியால் அச்சிடுவது என்று ஆறுதலாகப் பேசுவோம், நிலையத்துக்கு எடுத்து வாருங்கள். ஆனால் அதற்கு முன்னர், இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள்.