மலைநாட்டில் அரசியற் கூட்டுறவு

ஒரே மொழி பேசுவோர் ஓரணியில் நிற்பது இயல்பே எனக் கருதுவோர் பலர். அரபு நாடுகளின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1945இல் கெய்ரோவில் அரபு லீக் தோன்றிற்று. 1958இல் எகிப்தும் சிரியாவும் ஒரே குடியரசாயின. மூன்றரை ஆண்டுகளில் மீண்டும் பிரிந்தன. ஹட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழும் தமிழரின் கூட்டுறவும் இவ்வாறே கூடியும் கலைந்தும் வந்திருக்கிறது.

1939இல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது, தனித்தனியே இயங்கிய இந்தியர் சங்கங்கள் ஒன்றுகூடி இலங்கை இந்தியன் காங்கிரசை அமைத்தன. நகரத்து வணிகரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே ஸ்தாபனத்தில் சேர்ந்தது அதுவே முதன்முறை எனலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அது 7 ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நுவரெலியாவில் எஸ். தொண்டமான் ஆகியோர் வெற்றி பெற்றனர்.

அந்த வெற்றியே வினையாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பிரஜா உரிமை கோரி விண்ணப்பித்தோரிடம் எழுத்துச் சான்றுகள் கேட்கப்பட்டன. லயத்திற் பிறந்து லயத்திலேயே முதிர்ந்தவரிடம் அத்தகைய பத்திரங்கள் எங்கிருந்து வரும்? விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. வடபகுதித் தலைவர்களும் இவ்விடயத்தில் ஒருமித்து நிற்கவில்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரானார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரைப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடத்தியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதற்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை.

பின்னர் வீட்டினுள்ளேயே பிளவு நேர்ந்தது. தொண்டமானும் அப்துல் அசீசும் பிரிந்து, இரு தொழிலாளர் காங்கிரசுகள் எழுந்தன. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

1972 மே மாதம் திருகோணமலையில் தமிழர் கூட்டணி தோன்றியபோது செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் மூவரும் ஒரே மேடைக்கு வந்தனர். வடக்கும் மலைநாடும் கைகோத்த அரிய காலம் அது. ஆயினும் 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதும் தொண்டமான் விலகி நின்றார். சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்களுக்குத் தனிநாட்டில் இடமேது என்பது அவர் கணக்கு. அது நியாயமான கணக்கே. ஏனைய இருவரும் 1977 தேர்தலுக்கு முன்னரே காலமாயினர். அத்தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வென்ற தொண்டமான், மறு ஆண்டு அமைச்சராகி, அரசினுள்ளிருந்தே பேரம் பேசினார். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் என்ற நிலை படிப்படியே அகன்றது.

2015இல் தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி, மனோ கணேசனின் கட்சி ஆகிய மூன்றும் தமிழ் முற்போக்குக் கூட்டணியாக இணைந்து, அவ்வாண்டுத் தேர்தலில் 6 ஆசனங்களைப் பெற்றன. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதிற் சேரவில்லை.