நஞ்சை என்னும் அடைமொழி

சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரின் நடுவே ஓடிவரும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. அந்த ஊர்ப்பெயரின் முதற்பாதியைக் கேட்டதும் கால் புதையும் ஈர வயல்தான் நினைவுக்கு வரும். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலோ அதில் ஈரமும் இல்லை, சேறும் இல்லை.

செய் என்றால் வயல். நல்ல செய் நன்செய். புல்லிய செய், அதாவது தாழ்ந்த வயல், புன்செய். சகரத்துக்கு முன் நின்ற னகரம் பேச்சில் ஞகரமாக, ஈறும் திரிந்து நஞ்சை, புஞ்சை என்று வழங்கின. நஞ்சுக்கும் இதற்கும் உறவில்லை.

சேறு, அள்ளல், அளறு, சதுப்பு ஆகியவை நிலத்தின் குழைவைச் சொல்பவை. அளறு என்ற சொல்லை வள்ளுவர் நரகத்துக்கே ஆண்டார். அதே குழைவு, நீர் பாய்ச்சிச் சேடை ஓட்டி உழவர் உண்டாக்கும்போது நன்செய் ஆகிறது. பெயரில் இருக்கும் நன்மை மனித உழைப்புக்குக் கிடைத்த பாராட்டு.

அந்த உழைப்புக்கு இங்கே சான்று, ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த வாய்க்கால் பாசனத்தில் தழைத்தவை.

1792ல் சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானதும் அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். நஞ்சைக்கு ஒரு விகிதம், புஞ்சைக்கு வேறொரு விகிதம். இன்றைய பட்டாவிலும் நன்செய், புன்செய் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கொங்குப் பேச்சு இன்னும் நுட்பமானது: வானம் பார்த்தது காடு, கிணற்று நீர் பாய்வது தோட்டம், ஏரியோ வாய்க்காலோ பாய்வது வயல். கிணற்றடித் தோட்டம் ஆண்டு முழுதும் ஈரமாகவே கிடந்தாலும் பட்டாவில் அது பெரும்பாலும் புன்செய்தான். ஈரம் எவ்வளவு என்பதைவிட அது எங்கிருந்து வருகிறது என்பதே நஞ்சையைத் தீர்மானித்திருக்கிறது.

கிணறு ஒருவருடையது, வாய்க்கால் ஊருக்கே பொது. மடை திறப்பதும் தூர் வாருவதும் முறைவைத்துப் பாய்ச்சுவதும் பலர் கூடினால்தான் நடக்கும். எனவே நஞ்சையை மனையாகப் பிரிக்கும்போது அந்த ஒரு வயலின் விலையை மட்டும் கணக்குப் பார்ப்பது போதாது. அதன் வழியே கடைமடைக்குப் போகும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது நின்றுவிட்டால் நஞ்சை என்பது பட்டாவில் வெறும் எழுத்தாகிவிடும்.